வந்ததெல்லாம் வரவாகாது

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்று, கண்ணில் படுகிற பொருள்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு. முன்கூடமான பட்டாலையில் பதித்தது இத்தாலிச் சலவைக்கல். நிலைக்கண்ணாடி பெல்ஜியம். முற்றத்தைச் சுற்றிய வளவில் கால் வைக்கிற தரை ஆத்தங்குடிக் கல், சுவர்ப்பூச்சு உள்ளூர்ச் சுண்ணாம்பு, பூசிய கொத்தனார் பக்கத்து ஊர்க்காரர். வீடு கட்டிய பணம் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தது. அதில் ஒரு பங்கு தேக்குக்கும் சலவைக்கல்லுக்கும் விலையாகி வெளியே திரும்பிப் போனது. மீதிப் பங்கு கூலியாகவும் சுண்ணாம்பு விலையாகவும் இந்த வட்டாரத்திலேயே சுற்றியது.

ஒரு வளரும் நாட்டுக்குள் வெளிநாட்டுப் பணம் வரும்போதும் இதுதான் நடக்கிறது. "அந்நிய முதலீடு குவிகிறது" என்று தலைப்புச் செய்தி வந்தால் மகிழ்வதும், "வெளியேறுகிறது" என்றால் பதறுவதும் நமக்குப் பழகிவிட்டது. இரண்டுமே பாதிக் கணக்கு.

அந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களின் வட்டிக்கடைகளில் கணக்கு எழுதியவர்கள் உள்ளே வந்த பணத்தை முதல் பணம், மேல் பணம் என்று பிரித்தே எழுதினார்கள். முதலாளி போட்டது முதல் பணம். அதற்கு மேல் உறவினரும் தெரிந்தவரும் வைப்பாகக் கொண்டுவந்து போட்டது மேல் பணம். பெட்டிக்குள் இரண்டும் ஒரே ரூபாய்தான். ஆனால் மேல் பணத்தை யார், எந்தத் தவணையில் திரும்பக் கேட்பார் என்பது பேரேட்டில் இருக்கும். கடல் கடந்த கடையிலிருந்து ஊருக்கு வந்து சேரும் ஐந்தொகை என்ற கணக்குச் சுருக்கம் இந்தப் பிரிவுகளோடுதான் வரும். ஒரு நாட்டின் ஐந்தொகையையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. பணம் யாருடையது, எந்த நாணயத்தில் திருப்ப வேண்டும், எந்தத் தேதியில், இங்கே அது எதை வாங்கியது. நாலு கேள்வி. தொகை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு.

நாட்டின் ஐந்தொகைக்குப் பாடப்புத்தகப் பெயர் அயல்நாட்டுச் செலுத்துநிலை. அதில் பெரிய பிரிவு இரண்டு. நடப்புக் கணக்கில் சரக்கு, சேவை, வட்டி, லாபம், குடும்பத்துக்கு அனுப்பும் பணம் வரும். இவை வந்தால் வந்ததுதான், திருப்பித் தர வேண்டியதில்லை. மூலதனக் கணக்கில் கடன், வைப்பு, பங்கு முதலீடு, தொழில் முதலீடு வரும். இங்கே வருகிற ஒவ்வொரு டாலருக்கும் எதிரே வெளிநாட்டவருக்கு ஓர் உரிமை எழுதப்படுகிறது. இரண்டையும் கூட்டி மிஞ்சுவது ரிசர்வ் வங்கியின் கையிருப்பில் ஏறும், குறைந்தால் கையிருப்பிலிருந்து இறங்கும்.

2024-25 கணக்கை எடுத்துக்கொள்வோம். சரக்கு வணிகத்தில் இந்தியாவுக்கு ஏறக்குறைய 287 பில்லியன் டாலர் பற்றாக்குறை. மென்பொருள் முதலான சேவைகளில் நிகர வரவு ஏறக்குறைய 189 பில்லியன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய பணம் மொத்தமாக 135 பில்லியனுக்குச் சற்று மேல். அந்நிய முதலீட்டுக்கும் கடனுக்கும் லாபமாகவும் வட்டியாகவும் நிகரமாக வெளியே போனது 50 பில்லியனை ஒட்டி. எல்லாம் கழித்துக் கூட்டினால் பற்றாக்குறை 23 பில்லியன், அதாவது உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம். ஓட்டையை அடைத்தது யார் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. பங்குச் சந்தைக்கு வருகிற பணத்தைப் பற்றித்தான் தொலைக்காட்சி நாள் முழுவதும் பேசுகிறது. தாங்கிப் பிடிப்பது சேவை ஏற்றுமதியும் வெளிநாட்டுச் சம்பளமும்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023-24இல் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 19.2 சதவீதம். வந்து சேர்ந்த மாநிலங்களில் மகாராஷ்டிரமும் கேரளமும் முதல் இரண்டு. தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம்.

இனி ஒரு சிறு தொகையைக் கையில் எடுத்து, அது போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து பார்ப்போம்.

துபாயில் வேலை செய்கிற ஒருவர் காரைக்குடியில் இருக்கும் மனைவிக்கு 2,000 திர்ஹாம் அனுப்புகிறார். திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்ட நாணயம். ஆகவே இது 544 டாலர் 59 சென்ட். திர்ஹாமுக்குச் சந்தை விலை 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 46,000 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கடை 22.85தான் தருகிறது, கட்டணம் 20 திர்ஹாம் என்றால், விலையில் போனது 300 ரூபாய், கட்டணத்தில் 460 ரூபாய். கூட்டினால் 1.65 சதவீதம். இதையே 500 திர்ஹாம் வீதம் நாலு தடவையாக அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் அதே 20 திர்ஹாம் கட்டணம். செலவு 4.65 சதவீதமாகிவிடும். உலக அளவில் 200 டாலர் அனுப்ப ஆகும் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல். அதை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. "கட்டணமே இல்லை" என்று பலகை வைத்த கடையில் விலை வித்தியாசத்தைப் பாருங்கள், கட்டணம் அதற்குள்ளேயே இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் கடை இந்திய வங்கி ஒன்றில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். அதில் முன்கூட்டியே பணம் நிரப்பியிருக்கும். ஆகவே மனைவியின் கணக்கில் சில மணி நேரத்தில் ரூபாய் ஏறிவிடுகிறது. நிரப்புவதற்குக் கடை கொண்டுவந்த டாலர் வங்கி கைக்குப் போகிறது. வங்கி அதைச் சந்தையில் விற்கிறது. வாங்குவது எண்ணெய் நிறுவனமாக இருக்கலாம், தங்கம் இறக்குமதி செய்பவராக இருக்கலாம், ரிசர்வ் வங்கியாகவும் இருக்கலாம். இதுதான் பெரிய வழி. எம்.டி.எஸ்.எஸ். என்ற இன்னொரு வழியும் உண்டு. கடையில் ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் வாங்குவது அந்த முறைதான். ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 தடவை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரை என்று அதற்கு வரம்பு. சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு 2023 பிப்ரவரி 21 முதல் இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டிருக்கின்றன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். சிறு தொகைக்கு இது நல்ல வழி.

வழிச் செலவை விட்டுவிட்டு 46,000 முழுதாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது நாட்டின் ஐந்தொகையில் எங்கே எழுதப்படுகிறது? மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு நேராகப் போனால் நடப்புக் கணக்கில், குடும்பப் பராமரிப்பு வரவு. வங்கி போடுகிற நோக்கக் குறியீடு பி1301. அதே தொகையைக் கணவர் தன் பெயரில் உள்ள என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் ரூபாய்க் கணக்கு) போட்டால் அது நடப்புக் கணக்கில் சேராது. மூலதனக் கணக்கில், வெளிநாட்டில் வாழ்பவருக்கு இந்திய வங்கி பட்ட கடனாக எழுதப்படும். அவர் நினைத்தால் அசலும் வட்டியுமாக அப்படியே வெளியே கொண்டுபோகலாம், அது அவர் உரிமை. பிறகு ஒருநாள் அந்தக் கணக்கிலிருந்து ரூபாயாக எடுத்து இங்கே செலவழிக்கிறார்கள். காரைக்குடி ஏ.டி.எம்.மில் பணம் வெளியே வருகிற அந்த நொடியில் நாட்டின் கணக்கில் கடன் குறைகிறது, அதே தொகை குடும்ப வரவாக நடப்புக் கணக்கில் ஏறுகிறது. புதிதாக ஒரு டாலரும் வரவில்லை. ரிசர்வ் வங்கி குடும்ப வரவைக் கூட்டும்போது இப்படி உள்ளூரில் எடுத்ததையும் சேர்த்தே கூட்டுகிறது. 135 பில்லியன் என்ற எண்ணைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம். ஓராண்டுக்குக் குறைவாக வெளிநாடு போய் வேலை செய்து வருபவர் கணக்குப்படி இந்தியவாசிதான். அவருடைய கூலி "ஊதிய வருமானம்" என்ற தலைப்பில் வரும். ஓராண்டு தாண்டிவிட்டால் அவர் அந்த நாட்டுவாசி. அவர் அனுப்புவது மட்டும் "மாற்றுப் பணம்" என்று வரும். ஒரே ஆள், ஒரே வேலை, தலைப்பு வேறு.

இப்போது செலவைப் பார்ப்போம். 46,000த்தில் நகைச்சீட்டுக்கு 18,000, வீட்டு வேலை செய்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 10,000, மளிகையும் பாலும் காய்கறியும் 9,000, பள்ளிக்கூடத்துக்கு 4,000, கைப்பேசித் தவணை 3,000, பெட்ரோல் 2,000 என்று வைத்துக்கொள்வோம். தங்கம் கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி. செய்கூலி, வரி போனால் ஏறக்குறைய 15,000 வெளியே போகும். பெட்ரோலில் வரியைக் கழித்தால் கச்சா எண்ணெய்க்கு ஏறத்தாழ 800. கைப்பேசியின் உதிரிபாகங்களுக்கு ஒரு 1,500 வைக்கலாம். சமையல் எண்ணெயில் பாமாயில் பங்குக்கு 500. குத்துமதிப்பாக 18,000 ரூபாய், வந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு, இறக்குமதியாகித் திரும்பிவிட்டது. நகைச்சீட்டுக்குப் பதில் அந்த 18,000த்துக்கு ஆத்தங்குடிக் கல் வாங்கித் தரை போட்டால் கணக்கு அடியோடு மாறும். கண்ணாடித் தட்டில் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையால் மூடி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. மணல் அந்த ஊர் மணல், கை அந்த ஊர்க் கை. டாலர் வெளியே போகும் இடம் அதில் மிகக் குறைவு.

குடும்பங்கள் தங்கம் வாங்குவது தப்பென்று நான் சொல்லவில்லை. கஷ்டகாலத்தில் அடகு வைக்கத் தங்கம் வேண்டும், அது நியாயமான காப்பீடு. ஆனால் "இத்தனை பில்லியன் வந்தது" என்று சொல்கிறவர்கள் எத்தனை போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-25இல் தங்க இறக்குமதிக்கு மட்டும் 58 பில்லியன் டாலர் போனது. 2024 ஜூலையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி மூலதனக் கணக்கு. பலர் தவறவிடுகிற இயக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்நிய மூலதனம் நிகரமாக உள்ளே வரும்போது இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். ரிசர்வ் வங்கி அந்த டாலரை வாங்கிக் கையிருப்பில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை அந்த அளவுக்கு விரிய வேண்டும். மூன்றாவது வழி கிடையாது, ஏனென்றால் ஐந்தொகை பொருந்தியாக வேண்டும். "பற்றாக்குறை இருப்பதால் மூலதனம் தேவைப்படுகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிர்த் திசையிலும் அது ஓடும். மூலதனம் வந்து குவிவதாலேயே பற்றாக்குறை பெருகும். டாலர் மலிவாகி ரூபாய் ஏறும், இறக்குமதி சுலபமாகும், வங்கியில் பணம் புழங்கிக் கடன் எளிதில் கிடைக்கும், அந்தக் கடனில் ஒரு பங்கு இறக்குமதிப் பொருளுக்கே போகும்.

2007-08இல் இந்தியாவுக்கு நிகரமாக வந்த மூலதனம் ஏறக்குறைய 107 பில்லியன் டாலர். ரிசர்வ் வங்கி அதில் பெரும்பகுதியை வாங்கியது, அந்த ஓராண்டில் கையிருப்பு 92 பில்லியன் கூடியது. அப்படி வாங்கியும் டாலர் 44 ரூபாய் சுமாரிலிருந்து 40க்குக் கீழே இறங்கியது. திருப்பூரில் மூன்று டாலருக்கு ஒப்புக்கொண்ட ஒரு சட்டைக்கு 132 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 118 ரூபாய் வந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். நூல் விலை ரூபாயில், கூலி ரூபாயில், கரண்ட் பில் ரூபாயில். வரவு மட்டும் டாலரில். மும்பைப் பங்குச் சந்தைக்கு வந்த பணம் திருப்பூர்ப் பின்னலாடையின் லாபத்தை எடுத்துக்கொண்டது. பணம் வருவதால் வரும் கேடு இதுதான், இது செய்தியில் தலைப்பாக வருவதில்லை.

ரிசர்வ் வங்கி டாலரை வாங்குவதும் சும்மா நடப்பதில்லை. டாலருக்குப் பதில் ரூபாயை வெளியே விடுகிறது. அந்த ரூபாய் விலைவாசியை ஏற்றாமலிருக்க, பத்திரம் விற்றுத் திரும்ப உறிஞ்ச வேண்டும். இதற்காகவே 2004 ஏப்ரலில் சந்தை நிலைப்படுத்தும் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பத்திரத்துக்கு அரசு தருகிற வட்டி, கையிருப்பு டாலர் அமெரிக்கப் பத்திரத்தில் ஈட்டுகிற வட்டியைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்தைக் கையிருப்பு என்ற காப்பீட்டுக்கு நாடு கட்டுகிற பிரீமியம் என்று எடுத்துக்கொள்ளலாம். என் கணிப்பில் அது கட்டத் தகுந்த பிரீமியம்தான். கையிருப்பு வற்றிப்போன 1991ஐ நினைத்துப் பார்க்கிற எவரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தொழில் முதலீட்டிலும் மொத்தத்தையும் நிகரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024-25இல் இந்தியாவுக்கு வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு ஏறக்குறைய 81 பில்லியன். முன்பு போட்டவர்கள் விற்று எடுத்துப் போனது, இந்தியக் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டது எல்லாம் கழித்தால் நிகரம் ஒரு பில்லியன் அளவுக்கே. 81 என்பதும் உண்மை, ஒன்று என்பதும் உண்மை. செலுத்துநிலைக்கு உதவுவது இரண்டாவது எண்.

இதே கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கச் செட்டிநாட்டுக்காரர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. இன்று நாம் மூலதனம் வாங்குகிற நாடு. அன்று பர்மா வாங்கியது, காரைக்குடியும் தேவகோட்டையும் கொடுத்தன. 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி வயலாக்கப் பணம் வேண்டியிருந்தது, அதை வட்டிக்கடைகள் கொடுத்தன. 1930 வாக்கில் பர்மாவில் இருந்த செட்டியார் கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பர்மாவின் பக்கத்திலிருந்து எழுதினால், ஆண்டுதோறும் அரிசி ஏற்றுமதியில் பெரிய உபரி. அந்த உபரியிலிருந்து வட்டி, லாபம், இந்தியத் தொழிலாளர் கூலி என்று வெளியே போனது. உபரி இருக்கிற நாடெல்லாம் செழிப்பான நாடு என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு அது சரியான உதாரணம்.

நாணய ஆபத்து அங்கே பெரிதாக இல்லை. இரு கரையிலும் ஓடியது ஒரே ரூபாய். ஆபத்து தவணையிலும் விலையிலும் இருந்தது. வைப்பு இரண்டு மூன்று மாதத் தவணையில் வந்த பணம். கொடுத்ததோ நெல் விளைந்து விற்றால்தான் திரும்பும் பணம், அடமானம் நிலம். 1930இல் நெல் விலை விழுந்து, சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். ரொக்கமாகத் திரும்ப வேண்டும் என்று கொடுத்தவர் கையில், யாருக்கும் விற்க முடியாத வயல். நிலத்தை இழந்த பர்மியக் குடியானவருக்கு அது அதைவிடப் பெரிய இழப்பு. அந்தக் கோபம் 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம் வரை போனது. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1937 பிப்ரவரி 10இல், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கினார். அந்நியச் செலாவணி வணிகத்துக்கென்றே எண்ணித் தொடங்கிய வங்கி அது. அதே ஆண்டு ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது.

குறுந்தவணையில் வாங்கி நெடுந்தவணையில் முடக்குவது என்ற இதே பிழைதான் 1997இல் தாய்லாந்தைச் சாய்த்தது. அங்கே கூடுதலாக நாணய ஆபத்தும் சேர்ந்தது. குறுகிய காலக் கடன் டாலரில், போட்டது பாங்காக்கின் கட்டடங்களில், அவற்றின் வாடகையோ ‘பாட்’ என்ற தாய்லாந்து நாணயத்தில். 1996இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டியிருந்தது. 1997 ஜூலை 2இல் பாட் நாணயத்தின் கட்டி வைத்த மதிப்பைக் கைவிட்ட பிறகு ஒவ்வொரு டாலர் கடனும் உள்ளூர்ப் பணத்தில் வீங்கியது. 2025 மார்ச் இறுதியில் இந்தியாவின் வெளிநாட்டுக் கடன் 736 பில்லியன் டாலர். பாதிக்கு மேல் டாலரில், ஏறக்குறைய 31 சதவீதம் ரூபாயில். ரூபாயில் உள்ள பங்கு கூடக் கூட, ரூபாய் விழும்போது அடியைக் கடன் கொடுத்தவரும் பகிர்ந்துகொள்கிறார்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர் போடும் வைப்பைப் பலர் பாசப்பணம் என்று நினைக்கிறார்கள், ஓடாது என்று நம்புகிறார்கள். குடும்பத்துக்கு அனுப்புகிற பணம் ஓடாதுதான். நெருக்கடியில் கூடுதலாகவே வரும். ரூபாய் விழுந்தால் அதே திர்ஹாமுக்கு அதிக ரூபாய் கிடைக்கும் என்பதாலும் கூடும். வைப்பு அப்படியில்லை. 1990-91இல் வளைகுடாப் போரும் அரசியல் நிலையின்மையும் சேர்ந்தபோது வைப்புகள் வெளியேறின. கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது. 1991 மே மாதம் 20 டன் தங்கம் விற்கப்பட்டது. ஜூலையில் 46.91 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைக்கப்பட்டு 405 மில்லியன் டாலர் வாங்கப்பட்டது. வீட்டு நகையை அடகுக் கடைக்கு எடுத்துப்போன கதை, நாட்டு அளவில்.

2013இல் வேறு மாதிரி. அதற்கு முந்தைய ஆண்டில் பற்றாக்குறை 4.8 சதவீதம், ஏறக்குறைய 88 பில்லியன். மே 22இல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று சொன்னதும் கடன் பத்திரத்தில் இருந்த அந்நியப் பணம் கிளம்பியது. மே தொடக்கத்தில் 54 ரூபாய் சுமாரில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28இல் 68.8ஐத் தொட்டது. நிதியமைச்சராக இருந்த கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம் தங்க வரியை 10 சதவீதமாக உயர்த்தினார். செப்டம்பரில் ரிசர்வ் வங்கிக்கு வந்த ரகுராம் ராஜன், மூன்றாண்டுக்குக் குறையாத எஃப்.சி.என்.ஆர். (பி) வைப்பு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் வைப்பு) கொண்டுவரும் வங்கிகளுக்கு, ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் ரூபாயாக மாற்றிக்கொடுத்து, முடிவில் அதே டாலரைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். 26 பில்லியன் வந்தது. அது 2016 செப்டம்பர் முதல் நவம்பருக்குள் திரும்பிப் போக வேண்டிய பணம் என்பது முதல் நாளே தெரியும். அதற்காக ரிசர்வ் வங்கி முன்கூட்டியே டாலரை வாங்கிச் சேர்த்து வைத்தது. தவணை தெரிந்து வாங்கிய கடன் என்பதால்தான் அது ஊறில்லாமல் முடிந்தது.

வைப்பில் நாணய ஆபத்து யார் தலையில் என்பதையும் பாருங்கள். என்.ஆர்.இ. ரூபாய்க் கணக்கு, ரூபாய் விழுந்தால் நட்டம் போட்டவருக்கு. எஃப்.சி.என்.ஆர். (பி) டாலரிலேயே இருக்கும், 1 முதல் 5 ஆண்டு, ஆபத்து வங்கிக்கு. 1994 வரை இருந்த பழைய எஃப்.சி.என்.ஆர். (ஏ) திட்டத்தில் ஆபத்து முழுவதையும் ரிசர்வ் வங்கியே சுமந்தது, நட்டமும் பட்டது.

வங்கி வழியை விட்டுப் பணம் வேறு வழியில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை. உண்டியல் என்ற சொல் ஒரு காலத்தில் செட்டியார் கடைகள் கொடுத்த, கோர்ட்டில் செல்லுபடியாகும் சீட்டுக்குப் பெயர். இன்று கொழும்பில் அந்தச் சொல் கள்ள வழிப் பணத்துக்கு ஆகிவிட்டது. 2021 செப்டம்பரிலிருந்து இலங்கை மத்திய வங்கி டாலரை 200 ரூபாய் சுமாரில் பிடித்து வைத்தது. உண்டியல்காரர் அதற்கு மேல் கொடுத்தார். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் தாய் எந்தப் பக்கம் போவார்? குடும்பத்துக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது, டாலர் மட்டும் நாட்டுக்குள் வரவில்லை. வெளியிலேயே தங்கி, அங்கிருந்தே இறக்குமதிக்காரருக்குக் கைமாறியது. வங்கி வழி வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டாலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. அந்த ஆண்டு மார்ச் 7இல் ரூபாயைச் சந்தை விலைக்கே விட்டுவிட்டார்கள், ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். விலை சந்தையோடு ஒட்டிய பிறகு 2023இல் மீண்டும் 6 பில்லியனை நெருங்கியது. மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பொய் விலையைக் காப்பாற்றியதுதான் பிழை.

நம் பக்கத்தில் உண்டியலில் பணம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அங்கீகாரம் பெற்றவர் வழியாக அல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்குவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது, அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். பிறகு நிலம் வாங்கும்போது பணம் வந்த வழியைக் காட்டச் சீட்டு இருக்காது.

வெளியே போகும் பணத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று பூர்வீக வீட்டு விற்பனை. ஒரு வீட்டில் இருபது முப்பது புள்ளிக்கு (மணமான குடும்பத்துக்கு) பங்கு இருக்கும், பாதிப்பேர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அடிக்கடி நடக்கிற தவறு, வாங்குகிறவர் எல்லோருக்கும் உள்ளூர்க்காரர் என்று நினைத்து 1 சதவீத வரி பிடிப்பது. வெளிநாட்டில் வாழும் பங்காளியின் பங்குக்கு நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் உபரிவரி, செஸ்ஸும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பாக்கி வாங்கியவர் தலையில் விழும். முழு விலைக்கும் பிடிக்காமலிருக்க, விற்பவர் பத்திரப் பதிவுக்கு முன்பே வருமானவரித் துறையிடம் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், பதிவுத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். பணம் என்.ஆர்.ஓ. கணக்கில்தான் (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வரவைப் போடும் கணக்கு) போட வேண்டும், என்.ஆர்.இ.யில் நேராகப் போட முடியாது. அங்கிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, ஆடிட்டர் சான்றிதழோடு வெளியே அனுப்பலாம். வெளிநாடு போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை என்.ஆர்.ஓ. ஆக மாற்றிவிட வேண்டும். விற்பனைச் சமயத்தில் மாற்றப் போனால் பணம் மாதக்கணக்கில் நிற்கும்.

நாட்டுக் கணக்கைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்துநிலை அட்டவணையை வெளியிடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் வரும் கையிருப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். யூரோ ஏறினாலோ தங்கம் விலை ஏறினாலோ டாலர் கணக்கில் கையிருப்பு கூடியதாகத் தெரியும், ஒரு டாலரும் உள்ளே வந்திருக்காது. மூன்று மாத அட்டவணையில் மதிப்பு மாற்றத்தைத் தள்ளிவிட்டு உண்மை வரத்தைக் காட்டுவார்கள். அதில் "பிழைகளும் விடுபாடுகளும்" என்று ஒரு வரி இருக்கும். அது தொடர்ந்து ஒரே பக்கம் பெரிதாக நின்றால், கணக்கில் வராமல் பணம் போகிறதா என்று சந்தேகிக்க இடமுண்டு.

இடித்து விற்கிற வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. பெங்களூரு ஓட்டல் ஒன்று வாங்கினால் நாட்டின் ஐந்தொகையில் எந்தப் பதிவும் இல்லை. வெளிநாட்டுக்காரர் வாங்கிக் கப்பலேற்றினால் சரக்கு ஏற்றுமதி, நடப்புக் கணக்கில் வரவு. சிற்ப வேலைப்பாடு உள்ள தூண் நூறாண்டு தாண்டியதென்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஏற்ற முடியாது. தாண்டாதது என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் சுங்கத்தில் விடுவார்கள். முன்பு மோல்மேனிலிருந்து வந்து இறங்கியபோது அந்தத் தூணுக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை, அப்போது பர்மாவும் இதே நாட்டின் மாகாணம்.